திருடனை நம்பிய ஆயர்

பிரெஞ்சு நாவலாசிரியர் விக்டர் ஹ்யூகோவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நெசவு ஊரான நம் தென்னேரிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் தறிக்கு மேலே நிற்கிறதே, சேலையில் பூவேலை போடும் ஜக்கார்டு பெட்டி, அதைச் செய்தவர் பிரான்சில் லியோன் நகரத்துக்காரர். அந்த ஊருக்கும் அன்று பட்டு நெசவுதான் சோறு. வியாபாரி பட்டு கொடுப்பார். நெசவாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்து கொடுப்பார். 1831 நவம்பரில், பேசி முடித்த கூலி விகிதத்தைப் பல வியாபாரிகள் தர மறுத்தார்கள். நெசவாளிகள் தெருவில் இறங்கினார்கள். அரசு படையை அனுப்பியது. அப்போது ஹ்யூகோவுக்கு 29 வயது. அந்தக் காலத்துப் பிரான்சின் ஏழைகளைத்தான் அவர் 1862இல் வெளிவந்த பெரிய நாவலில் எழுதினார்.

கவியோகி சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950இல் அது படமாகவும் வந்தது. கே. ராம்நாத் இயக்கினார், நாகையா நடித்தார். போலீஸ் அதிகாரி ஜாவராக வந்த சீதாராமனுக்குக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே பெயர்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். அக்காள் பிள்ளைகள் ஏழு பேர் பசியில் கிடக்க, ழான் வல்ழான் ஒரு ரொட்டியைத் திருடினான். 5 ஆண்டு தண்டனை. தப்பியோட முயன்றதற்கெல்லாம் சேர்த்து 19 ஆண்டு.

கஷ்டப்பட்டால்தான் மனிதன் பக்குவப்படுவான் என்று வீட்டில் சொல்கிறோம், மேடையிலும் சொல்கிறோம். ஹ்யூகோ இதை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த 19 ஆண்டில் வல்ழானுக்குக் கண்ணீரே வற்றிவிட்டது. உலகமே தனக்குப் பகை என்று முடிவுகட்டி வெளியே வந்தான். எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. ஒரு வயதான கிறிஸ்தவ ஆயர் மட்டும் சோறு போட்டு, படுக்க இடமும் கொடுத்தார். அவர் வீட்டு வெள்ளிச் சாமான்களையே எடுத்துக்கொண்டு ஓடினான். காவலர்கள் பிடித்து வந்து நிறுத்தியபோது ஆயர் என்ன செய்தார்? இவை நான் கொடுத்தவை என்றார். வெள்ளி விளக்குத் தண்டுகளையும் கொடுத்தேனே, அவற்றை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று எடுத்துக் கையில் வைத்தார்.

உடனே திருந்திவிட்டானா? இல்லை. போகிற வழியில் ஒரு சிறுவனின் காசைப் பறித்துக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுகிறான், 19 ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாக. அன்பு கிடைத்த அன்றே பழைய கை அடங்கிவிடாது என்று ஹ்யூகோவுக்குத் தெரிந்திருக்கிறது. மனிதரை இவ்வளவு அருகில் நின்று பார்த்தவர் அவர்.

பிறகு ஃபான்தீன். குழந்தையை வேறொரு ஊரில் விட்டுவிட்டு ஆலை வேலைக்குப் போனவள். கல்யாணமாகாதவளுக்குக் குழந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் வேலை போயிற்று. தலைமுடியை விற்றாள், முன்பற்களை விற்றாள். அந்த ஆலை யாருடையது தெரியுமா? பெயரை மாற்றிக்கொண்டு, திருந்தி, ஊருக்கே நல்லவனாகிவிட்ட அதே வல்ழானுடையது. மேற்பார்வை பார்த்தவள் செய்தது முதலாளிக்குத் தெரியாது. நல்ல முதலாளிகள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இதைச் சொன்னேன்.

ஃபான்தீனின் மகள் கொசெத் அடுத்தவர் வீட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறாள். நம் வட்டாரத்திலும் முன்பணத்துக்காகப் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்த காலம் இருந்தது. அப்படி உட்கார்ந்தவர்கள் இங்கேயும் இருக்கலாம். அவர்கள் முன்னால் கஷ்டத்தின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது.

துன்பம் அல்ல, அன்புதான் மனிதரைத் திருத்தும் என்ற இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமானதும் இல்லை. காஞ்சி மாநகரின் பசி தீர்த்த மணிமேகலை, அதற்கு முன்பே புகாரில் சிறைக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறு போட்டாள். என்ன வேண்டும் என்று சோழ மன்னன் கேட்டபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்றாள். ஹ்யூகோ அவள் பக்கம் நிற்பவர்.

அவரும் துன்பம் அறியாதவர் அல்ல. 1843இல் மூத்த மகள் ஆற்றில் மூழ்கி இறந்தாள். காப்பாற்றப் போன மருமகனும் மாண்டார். வெளியூர்ப் பயணத்தில் இருந்த தகப்பன் அதைச் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். பேரரசனாகத் துணிந்த லூயி நெப்போலியனை எதிர்த்ததால் 1851 முதல் 1870 வரை நாடு கடந்து வாழ்ந்தார். அதுவும் 19 ஆண்டுதான். ஆனால் அவரைச் சுற்றி அவரை நம்பிய மனிதர்கள் இருந்தார்கள். அப்படி நாடு கடந்து வாழ்ந்த கெர்ன்சி தீவில், நாவல் வந்த அதே 1862இல், ஏழைப் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்து வாரந்தோறும் சாப்பாடு போடத் தொடங்கினார்.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கடன் தாங்காமல் ஊரைவிட்டுப் போன நெசவாளி என்றைக்காவது திரும்பி வந்து உங்கள் வாசலில் நிற்பார். வாங்கிய முன்பணத்தைக் கட்டாமல் போனவராகவும் இருப்பார். பழைய கணக்கை எடுப்பதற்கு முன் அவர் கையில் நெய்ய ஒரு பாவு கொடுங்கள்.