தோற்றது படிப்பா, நேரமா?



ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்கிறவங்க எல்லாம் ஒழுங்காப் படிக்காதவங்கன்னு எதிரணித் தலைவர் ஒரே போடாப் போட்டுட்டு உட்கார்ந்துட்டாரு. ஐயா, ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போமா?

நம்ம மாநிலத்தில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. எழுதினவங்க 6 லட்சத்துக்கும் மேலே. தேறினவங்க 2,448 பேர்! 'வாத்தியாருக்கே பாடம் தெரியலை'ன்னு ஊரே சிரிச்சது. ஆனா கேள்வி 150, நேரம் ஒன்றரை மணி. வகுத்துப் பாருங்க, ஒரு கேள்விக்கு 36 விநாடி! நம்ம வீட்டுல "என் மூக்குக்கண்ணாடி எங்கே?"ன்னு கேட்டா, பதில் வர 36 நிமிஷம் ஆகுது! (சிரிப்பு)

அதே ஆண்டு அக்டோபரில் தோற்றவர்களுக்கு மறுதேர்வு. நேரம் மூணு மணி. தேறினவங்க 19 ஆயிரத்துக்கும் மேலே! ஒருதரம் எழுதிப் பழகினதும் ஒரு காரணம், ஒத்துக்கறேன். ஆனா மூணே மாசத்தில அத்தனை பேருக்குமா ஞானோதயம் வந்துச்சு? கடிகாரம் கொஞ்சம் கருணை காட்டுச்சு! (கைதட்டல்)

"அப்பவும் பெரும்பாலானவங்க தோத்தாங்களே?"ன்னு கேட்பீங்க. நியாயம். தேர்வு அறைக்குள்ளே நேரம் கிடைச்சது, வீட்டுல கிடைச்சுதா?

எங்க தெருவில் ஒரு பொண்ணு, பி.எட். முடிச்சவ. இங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. "எப்பம்மா படிக்கிறே?"ன்னு கேட்டேன். "கம்பெனி பஸ்ஸுலதாண்ணே. ஆனா நைட் ஷிப்ட் முடிஞ்சு ஏறினா, புத்தகமே தலகாணி ஆயிடுது"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, எனக்குச் சிரிப்பு வரலை. வீட்டுக்கு வந்தா சமையல், தம்பி ஸ்கூல், அம்மாவுக்கு மருந்து. போன தடவை மூணே மார்க்கில் போச்சு.

அந்த மூணு மார்க் அறிவில் குறைஞ்சதில்லை ஐயா, தூக்கத்தில் குறைஞ்சது!

தேர்வே வேண்டாம்னு நான் சொல்லலை. நம்ம பிள்ளைக்கு 'அ' சொல்லித் தரப்போறவங்களுக்குத் தகுதி வேணும். ஆனா அவங்க படிக்கிற மாசத்தில், வீட்டு வேலையில் பாதியை நாம எடுத்துக்கிட்டோமா? டிவி சத்தத்தையாவது குறைச்சோமா?

ஆகவே நடுவர் அவர்களே, தோற்றது படிப்பு இல்லை, நேரம்தான்னு தீர்ப்புச் சொல்லுங்கள்.