வலை இல்லாத கட்டு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 பிப்ரவரி. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நோட்டுக்குள் மறைத்து வைத்து ஒரு பையன் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். முகத்துவாரக்குப்பத்திலிருந்து வருபவன். எல்லாம் போகிமான் அட்டைகள். பிடுங்கி இழுப்பறையில் போட்டேன். "எண்ணி வாங்கிக்கோங்க மிஸ், அறுபது இருக்கணும்" என்றான். ஏன் அறுபது என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் என்னை இங்கே பேச வைத்திருக்கிறது.

போட்டிக்குப் போகிறவர் சரியாக 60 அட்டைகள் கொண்ட கட்டுடன் போக வேண்டும். ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை ஆற்றல் அட்டைக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. கலைத்துவிட்டு முதலில் 7 அட்டை எடுப்பார்கள். அப்படியானால் நமக்கு வேண்டிய அட்டை முதல் கையிலேயே வர வாய்ப்பு எவ்வளவு? கட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் 7/60, சுமார் 12 சதவீதம். நான்கு இருந்தால் சுமார் 40 சதவீதம். எதை எத்தனை வைப்பது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. 1993-இல் வந்த 'மேஜிக்' என்ற அட்டை விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணிதம் படித்தவர். நாம் நிகழ்தகவுப் பாடத்தில் இன்னும் நாணயத்தையும் பகடையையும் மட்டுமே உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

கடை அட்டைகளில் ஒரு சிக்கல். காசு இருப்பவனிடம்தான் வலுவான அட்டை இருக்கும். அதனால் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நாங்களே அட்டை செய்தோம். மடவை, கிழங்கான், இறால், நண்டு, கொடுவா. மதிப்பெண்களைப் பிள்ளைகளே போட்டார்கள். கொடுவாவுக்கு அதிகம். மேசையில் வலை அட்டை இருந்தால்தான் மீன் அட்டையை இறக்கலாம். கட்டுக்கு 20 அட்டை, முதல் கைக்கு 5. மீனில் ஒரு வகைக்கு நான்குதான், வலைக்கு வரம்பில்லை. காசு வைத்து ஆடக் கூடாது, அடுத்தவர் அட்டையை எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைமை ஆசிரியரிடம் இந்த இரண்டையும் சொன்ன பிறகுதான் அனுமதி கிடைத்தது.

அட்டையைப் பறிகொடுத்த பையனின் முதல் கட்டில் 18 மீன், 2 வலை. மூன்று ஆட்டமும் தோற்றான். "கை நிறைய மீன் இருக்கு மிஸ், வலை வரவே மாட்டேங்குது." எல்லோரையும் இருபது முறை கலைத்து எடுத்துப் பட்டியல் போடச் சொன்னேன். பட்டறி நிகழ்தகவு. பிறகு கணக்குப் போட்டுக் காட்டினேன். 2 வலை என்றால் முதல் கையில் ஒன்றாவது வர 45 சதவீதம். 8 வலை என்றால் 95. அவர்கள் பட்டியலும் ஏறக்குறைய அதையே சொன்னது. பலகையில் நான் எழுதிய எந்தச் சூத்திரத்தையும் அவர்கள் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஒரு மாணவி புது அட்டை ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாள். 'எண்ணெய்'. அதை இறக்கினால் எதிராளி மேசையிலுள்ள மீன் அத்தனையும் போய்விடும். "இது வேணாம், ஆட்டமே கெட்டுடும்" என்றார்கள் சிலர். "நெஜமாவே வந்துச்சே" என்றாள். வகுப்பே அமைதியானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. படகிலும் வலையிலும் அப்பியதை இந்தப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்கள்தான் வாளியில் அள்ளினார்கள். கடைசியில் வாக்கெடுப்பு. கட்டுக்கு ஓர் எண்ணெய் அட்டை மட்டும். அதைத் தடுக்க 'வாளி' அட்டை, விருப்பமிருந்தால்.

வாளி வைத்தால் மீனுக்கு இடம் குறையும். அந்தப் பையன் இரண்டு வாளி வைத்தான். நான் தடுத்தேன். "எதிராளிகிட்ட ஒரே ஒரு எண்ணெய் அட்டைதானேப்பா. வர்றதுக்குக் கால்வாசி வாய்ப்புதான். இடத்தை ஏன் வீணாக்குற?"

"அது முதல் கைக்கு மிஸ். பத்து அட்டை எடுக்கறதுக்குள்ள பாதியாயிடும். வந்தா எல்லாமே போயிடும்ல?"

நான் வாய்ப்பை மட்டும் பார்த்தேன், அதுவும் பாதிதான் பார்த்தேன். அவன் இழப்பையும் சேர்த்துப் பெருக்கியிருந்தான். எதிர்பார்ப்பு மதிப்பு என்று நாம் பெரிய வகுப்புகளில் சொல்வது இதைத்தான். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை.

பதினாறு பேர் போட்டியில் காலிறுதியில் எண்ணெய் வந்தது. அவன் கையில் வாளி இருந்தது. அரையிறுதியில் தோற்றான். எட்டு வலை இருந்தும் முதல் கையில் ஒன்றுகூட வரவில்லை. அழுவானோ என்று பார்த்தேன். "அஞ்சு சதவீதம் மிஸ்" என்று சொல்லிவிட்டு அட்டைகளை அடுக்கினான். அன்று மாலையே இழுப்பறையைத் திறந்து அவன் கட்டை எண்ணிக் கொடுத்தேன். அறுபது.

நீங்கள் செய்து பார்ப்பதானால் எனக்குத் தெரிந்த இரண்டைச் சொல்கிறேன். கட்டில் ஓர் அட்டையை மாற்றினால், ஏன் மாற்றினேன் என்று நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கு அந்த வரிகளே போதும். அட்டைகளில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். மலைப்பக்கத்துப் பள்ளியில் யானை வரலாம், டெல்டாவில் மழை பொய்க்கலாம். பாடத்துக்குப் பொருந்தாது என்று உடனே தள்ளிவிடாதீர்கள். நான் தள்ளியிருந்தால் அந்த வாளியைப் பார்த்திருக்க மாட்டேன்.