மெல்லோட்ரானை வாங்கும் முன்



1967-இல் பீட்டில்ஸ் வெளியிட்ட ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலின் தொடக்கத்தில் குழலோசை கேட்கும். பாடல் பதிவானபோது அங்கே யாரும் குழல் ஊதவில்லை. என்றோ ஒரு கலைஞர் ஊதி நாடாவில் பதிந்துவைத்த ஒலிதான், கட்டையை அழுத்தியதும் எழுந்து வந்தது. அந்தக் கருவியின் பெயர் மெல்லோட்ரான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1963 முதல் அதைச் செய்தார்கள். பழைய கருவிகளைத் தேடுவோர் கையில் இன்று பெரும்பாலும் கிடைப்பது 1970-இல் வந்த எம்400 வகை. வாங்கும் முன் அதைச் சோதிப்பதே தனிக்கலை என்று நான் கருதுகிறேன்.

அதில் 35 கட்டைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நாடா. கட்டையை அழுத்தினால் நாடா ஒலிபடிக்கும் ஹெட்டின் மேல் படியும். ஒரு ரப்பர் உருளை, சுழலும் தண்டோடு அதைச் சேர்த்து இழுக்கும். எட்டு விநாடி அளவில் நாடா தீர்ந்து ஒலி நின்றுவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

ஆகவே, போனதும் பாட்டு வாசித்துப் பார்க்காதீர்கள். பாட்டின் இனிமை குறைகளை மறைத்துவிடும். சற்று நேரம் ஓடவிட்டு, இடக்கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக, ஒலி தானே நிற்கும்வரை அழுத்திக் கேளுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் தள்ளாடினால் அதன் உருளையோ நாடாவோ கெட்டிருக்கிறது. ஒன்று மட்டும் மெலிந்து கேட்டால், நாடாவை அழுத்தும் ஃபெல்ட் தேய்ந்திருக்கலாம், திருகு தளர்ந்திருக்கலாம். இவை சரிசெய்யக்கூடியவை. எல்லா ஸ்வரங்களும் சேர்ந்து அலைந்தால் மோட்டாரையோ சுழல்தண்டையோ சந்தேகிக்க வேண்டும். அங்கேதான் செலவு ஏறும்.

அடுத்து, ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் ஏழெட்டுக் கட்டைகளை ஒன்றாக அழுத்துங்கள். எல்லா நாடாக்களையும் இழுப்பது ஒரே மோட்டார். பாரம் கூடும்போது சுருதி கீழே இறங்குகிறதா? வேகத்தைக் காக்கும் மின்பலகை சோர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஒரே கட்டையை விட்டுவிட்டு விரைவாக அழுத்துங்கள். நாடா முழுதும் திரும்பவில்லையானால் ஸ்வரத்தின் தொடக்கமே அறுந்து கேட்கும்.

‘இந்தத் தள்ளாட்டம்தான் இதன் அழகு’ என்று விற்பவர் சொல்லக்கூடும். பாதி உண்மை. வயலின் நாடாவைக் கேளுங்கள்: ஒவ்வொரு ஸ்வரத்தையும் மனிதர்கள் தனித்தனியே வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். வில்லின் அசைவும் விரலின் நடுக்கமும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். அந்த உயிர்ப்புக்காகத்தான் இத்தனை பாடுபட்டு இதைத் தேடுகிறோம். தள்ளாட்டம் அழுத்தும்போதெல்லாம் அதே இடத்தில் அதே போல் வந்தால் அது பதிவில் உள்ளது. ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி அலைந்தால் அது பழுது. ஒரே கட்டையை மூன்று முறை அழுத்தினாலே காது பிரித்துவிடும்.

நாடாவின் அகலத்தில் மூன்று தடங்கள் உண்டு. குழல், வயலின், குரல்குழு என்று குமிழைத் திருப்பித் தேர்வோம். குழலைக் கேட்கும்போது சில கட்டைகளில் மட்டும் குரல்கள் கசிந்தால், ஹெட்டும் நாடாவும் நேராக இல்லை.

கடைசியாக, நாடாச்சட்டத்தை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓரம் சுருண்ட நாடா, பள்ளம் விழுந்த ரப்பர், துருப்பிடித்த தண்டு எல்லாம் கண்ணுக்கே தெரியும். நாடாக்களைப் புதிதாக வாங்கலாம். ஆகவே நாடா பழசு என்பதற்காக நல்ல கருவியைக் கைவிடாதீர்கள். சட்டமே வளைந்திருந்தாலோ, உள்பாகங்கள் காணாமல் போயிருந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

கருவியின் எடை ஏறத்தாழ 55 கிலோ. தூக்க இருவராவது வேண்டும். வீடு வந்ததும், மின்சாரம் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து நாடாக்கள் தத்தம் தடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வழியில் விலகிய நாடா ஓடத் தொடங்கினால் மடிந்து கசங்கிவிடும்.