சமூக ஏற்றத்தாழ்வும் பொதுச் சுகாதாரமும்: புணே தரும் பாடம்

(மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கருத்து. இவற்றுள் நோயுற்றவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே அவர் எண்ணியிருப்பது கருதத்தக்கது.

இன்று பொதுச் சுகாதாரம் பற்றிய குழுக்கள் பல அமைக்கப்படுகின்றன. மருத்துவர், பொறியாளர், பொருளாதார வல்லுநர், சட்ட அறிஞர் ஆகியோர் அவற்றில் இடம்பெறுகின்றனர். பல துறைகளின் அறிவை ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் கேட்டுக்கு உள்ளானவரின் அறிவு அக்குழுவில் இடம்பெறாவிடில், எத்தனை துறையினர் கூடினாலும் கேள்வியே தவறிப்போவதுண்டு. மராட்டிய மாநிலத்தின் புணே நகர வரலாறு இதனைத் தெளிவாக்குகிறது.

1897ஆம் ஆண்டின் படிப்பினை

1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புணேயில் பிளேக் நோய் கடுமையாகப் பரவியது. அரசு அமைத்த சிறப்புக் குழுவுக்கு டபிள்யூ. சி. ராண்ட் என்னும் அதிகாரி தலைமை தாங்கினார். படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டனர், நோயுற்றோர் எனக் கருதப்பட்டோரை வெளியேற்றினர், உடைமைகளை எரித்தனர். நோக்கம் நோய்த் தடுப்பே. ஆனால் முறையோ மக்களைப் பகைத்துக் கொள்வதாக இருந்தது. மக்கள் நோயாளிகளை மறைக்கத் தலைப்பட்டனர். அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் ராண்ட் சுடப்பட்டு, பின்னர் உயிரிழந்தார்.

அதே காலத்தில் நகரின் புறத்தே வேறொரு பணியும் நடைபெற்றது. பெண் கல்விக்கும் தாழ்த்தப்பட்டோர் கல்விக்கும் வழி திறந்த சாவித்திரிபாய் புலே, மருத்துவரான தம் வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் சேர்ந்து பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அப்பணியிலேயே நோய்க்கு ஆளாகி, 1897 மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். அவருடைய பணியில் மருத்துவ அறிவும் மக்களின் நம்பிக்கையும் ஒன்றுசேர்ந்திருந்தன.

இன்னொன்றும் நினைவுகூரத்தக்கது. பிளேக் நோய் எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கராச்சியில் கண்டறிந்தது 1898இல்தான். ஆனால் எலிகள் செத்து விழுந்தால் வீட்டை விட்டு வெளியேறும் வழக்கம் அதற்கு முன்பே இந்தியாவின் சில பகுதிகளில் மக்களிடையே இருந்தது. அந்த அனுபவத்துக்கு நோய்த் தடுப்புக் குழுக்களில் இடமில்லாமற் போயிற்று.

எல்லை கடந்த இரு முயற்சிகள்

துறைகளின் எல்லையைக் கடந்து சிந்திக்கும் மரபும் புணேக்கு உண்டு. 1930இல் நிறுவப்பெற்ற கோகலே அரசியல் பொருளாதார ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வி. எம். தாண்டேகர், நீலகண்ட ரத் ஆகியோர் 1971இல் இந்திய வறுமை குறித்த தம் ஆய்வை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 2,250 கலோரி தரும் உணவைப் பெறுவதற்குத் தேவையான செலவை அடிப்படையாகக் கொண்டு வறுமையை அவர்கள் மதிப்பிட்டனர். ஊட்டச்சத்து அறிவியல் தந்த அளவுகோல் பொருளாதாரத்தின் கருவியாயிற்று. இவ்வளவுகோலின் குறைகள் பின்னர் பெரிதும் விவாதிக்கப்பட்டன. எனினும் வறுமையை உடலின் தேவையோடு இணைத்துப் பார்க்கும் வழியை அது வலுப்படுத்தியது.

இரண்டாவது முயற்சி மருத்துவரும் தொழிலாளர் தலைவருமான பாபா ஆடாவுடையது. சுமைதூக்குவோரை ஒன்றுதிரட்டி ஹமால் பஞ்சாயத் என்ற சங்கத்தைக் கட்டியவர் அவர். 1970களில் மராட்டிய மாநிலம் வறட்சியால் வாடியபோது, 'ஒரே ஊர், ஒரே நீர்நிலை' என்னும் இயக்கத்தை நடத்தினார். ஊர்ப் பொதுக் கிணற்றில் தலித் மக்கள் நீரெடுக்க இயலாத நிலையில், குடிநீர்ப் பற்றாக்குறையைப் பொறியியல் சிக்கலாக மட்டும் கொள்வதற்கில்லை. கிணற்றை ஆழப்படுத்தினாலும், அதனை அணுகும் உரிமை இல்லாதவருக்கு நீர் கிடைப்பதில்லை.

இவ்விரு முயற்சிகளின் போக்கும் ஒன்றுசேர்ந்து பயன்தந்த களம், நகரக் குப்பையைப் பொறுக்கிப் பிழைத்த பெண்களின் வாழ்க்கையாகும்.

கற்பிக்கச் சென்றவர்கள் கற்றது

குப்பைத் தொட்டிகளிலிருந்து காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துக் காயலான் கடையில் விற்பது இவர்களது தொழில். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பான்மையோர் பட்டியல் சாதிகளைச் சேர்ந்தவர்கள். கண்ணாடிக் கீறலும் நாய்க்கடியும் முதுகுவலியும் அவர்களுக்கு அன்றாட அனுபவங்கள். திருட்டுப் பழிக்கும் அவர்கள் எளிதில் ஆளாயினர்.

எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பிரிவினர் 1990களின் தொடக்கத்தில் இப்பெண்களிடையே எழுத்தறிவுப் பணிக்காகச் சென்றனர். அவர்களுடன் தெருத்தெருவாக நடந்தபோது, அப்பெண்களின் முதல் தேவை வேறு என்பதை உணர்ந்தனர். குப்பை வீட்டிலேயே தரம் பிரித்துக் கொடுக்கப்பட்டால் அழுகலுக்குள் கைவிட வேண்டியதில்லை. கிடைக்கும் பொருளின் விலையும் கூடும். நாள்முழுதும் அலைய வேண்டியதுமில்லை. சுகாதாரம், வருமானம், மதிப்பு ஆகிய மூன்றும் ஒரே மாற்றத்தில் அடங்கியிருந்தன.

இதன் தொடர்ச்சியாக 1993ஆம் ஆண்டு பாபா ஆடாவின் தலைமையில் நடந்த மாநாட்டில் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' தோன்றியது. காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றில் உழைப்போரின் மன்றம் என்பது இப்பெயரின் பொருள். சங்கம் வழங்கிய அடையாள அட்டைக்கு 1990களின் நடுப்பகுதியில் புணே மாநகராட்சி ஒப்புதல் அளித்தது. ஊரார் ஐயத்தோடு நோக்கிய ஒருவரை நகரின் உழைப்பாளி என ஏற்ற முதல் ஆவணம் அதுவே எனலாம்.

கணக்கின் வலிமை

அடையாள அட்டை கிடைத்தபின் எழுந்த கேள்வி, நகருக்கு இவர்களால் விளையும் நன்மை யாது என்பது. பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனத்துக்காக 2001இல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு இதற்கு விடையளித்தது. இவர்கள் பொருள்களைப் பிரித்தெடுப்பதால் மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடியே 58 லட்சம் ரூபாய் மிச்சமாகிறது என்றும், ஒவ்வொருவரும் மாதந்தோறும் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பை ஊதியமின்றி நகருக்கு வழங்குகின்றனர் என்றும் அவ்வாய்வு கணக்கிட்டது.

நகரின் கணக்கேட்டில் அதுவரை இடம்பெறாதிருந்த உழைப்பு இதனால் எண்ணாக உருப்பெற்றது. உதவி கோரும் ஏழைகளாகக் கருதப்பட்டவர்கள், நகருக்கு உதவிக் கொண்டிருப்பவர்கள் என்பது புலனாயிற்று. 2002-03ஆம் ஆண்டில் இவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தை மாநகராட்சி ஏற்றது. இதற்கான வாதத்துக்குப் பொருளாதாரக் கணக்கு பெருந்துணையாக இருந்தது. மருத்துவத் துறையின் தேவையொன்றைப் பொருளாதாரம் தந்த ஓர் எண் நிறைவேற்றியது.

வீட்டு வாசலில் வேலை

நகரத் திடக்கழிவு குறித்த மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு விதிகள், வீடுதோறும் சென்று குப்பையைச் சேகரிக்க வேண்டுமென உள்ளாட்சிகளைப் பணித்தன. இதனை நிறைவேற்ற ஒப்பந்தக்காரரின் வண்டிகளை நாடுவது பல நகரங்களில் வழக்கமாயிற்று. அவ்வாறு செய்யின், தெருக் குப்பையை நம்பியிருந்தோர் பிழைப்பை இழப்பர். சுகாதாரத்தில் முன்னேற்றம் ஏற்படும், ஏற்றத்தாழ்வோ வளரும்.

புணே வேறு வழியைத் தேர்ந்தது. சங்க உறுப்பினர்களைக் கொண்டு அமைந்த 'ஸ்வச்' என்னும் கூட்டுறவு நிறுவனத்துடன் மாநகராட்சி 2008இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. தெருத்தொட்டியில் பொறுக்கியவர்கள் வீட்டு வாசலில் குப்பையைப் பெறும் பணியாளர்களாயினர். வீட்டார் மாதக் கட்டணத்தை அவர்களிடமே செலுத்துகின்றனர். விற்கத்தக்க பொருள்களின் வருவாயும் அவர்களையே சேரும். கையுறை, வாளி போன்றவற்றை வழங்குவதும் நிர்வாகச் செலவை ஏற்பதும் மாநகராட்சியின் பொறுப்பு என வகுக்கப்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இதன்கீழ்ப் பணிபுரியலாயினர்.

இவ்வமைப்பில் முதியோர் கல்வியாளர், தொழிற்சங்கத்தார், பொருளாதார ஆய்வாளர், நகராட்சிப் பொறியாளர் ஆகிய அனைவருக்கும் பங்குண்டு. பிளாஸ்டிக்கின் வகைகளைத் தொட்ட அளவில் பிரித்தறியவும், எந்தப் பொருளுக்கு எந்தக் கடையில் என்ன விலை என்று கூறவும் வல்ல பெண்களின் அறிவும் அவற்றோடு சமமாக அமர்ந்தது. அவ்வறிவு இல்லையேல் குப்பையைத் தரம் பிரிக்கும் திட்டம் தாளளவில் நின்றிருக்கும்.

இரு துறைகள், ஒரு கேடு

களத்தில் உள்ளவர் மட்டுமே காணக்கூடிய கேடுகளும் உண்டு. மாதவிடாய்க் காலச் சுகாதாரத்தை மேம்படுத்த, ஊரகப் பகுதி வளரிளம் பெண்களுக்குக் குறைந்த விலையில் சுகாதார அணையாடை வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2011இல் தொடங்கியது. நகரங்களில் இதன் பயன்பாடு முன்பே பெருகியிருந்தது. பெண்களின் நலத்துக்கு இது தேவையான முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பயன்படுத்தப்பட்ட அணையாடை எங்குச் செல்கிறது, அதனை யார் கை தொடுகிறது என்னும் கேள்வியைச் சுகாதாரத் துறையும் எழுப்பவில்லை. கழிவு மேலாண்மைத் துறையும் எழுப்பவில்லை. உறையின்றி எறியப்பட்டவற்றை வெறுங்கையால் பிரித்தவர்கள் ஸ்வச் பெண்களே. ஒரு பெண்ணின் நலம் மற்றொரு பெண்ணின் இழிவாகவும் நோய்வாய்ப்பாகவும் மாறியது.

2013இல் இப்பெண்கள், பயன்படுத்தப்பட்ட அணையாடைகளைச் சேகரித்து, அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினர். பின்னர் 2016இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், அணையாடையுடன் அதனைச் சுற்றி எறிவதற்கான உறையையும் தயாரிப்பாளர்கள் வழங்க வகைசெய்ய வேண்டுமென்றன. கழிவு சேகரிப்போரை அமைப்புக்குள் இணைக்கவும் பணித்தன. 2017இல், பொட்டலத்தின்மீது சிவப்புப் புள்ளியிட்டுத் தனியே தருமாறு வீட்டாரைக் கேட்கும் இயக்கமும் புணேயில் தொடங்கியது. சிவப்பு மையால் இடும் ஒரு புள்ளிக்குச் செலவு ஏதுமில்லை. எனினும் அதற்கான யோசனை, அப்பொட்டலத்தைப் பிரிக்க நேர்ந்தவரிடமிருந்தே வரவேண்டியிருந்தது.

தீராத சிக்கல்கள்

புணேயின் அனுபவத்தைக் குறையற்ற வெற்றியாகக் கொள்ளலாகாது. முதல் ஒப்பந்தம் 2013இல் முடிவுற்றபின் அடுத்த ஐந்தாண்டு ஒப்பந்தம் 2016இல்தான் கையெழுத்தாயிற்று. இடைக்காலத்தில் பணி நின்றுவிடவில்லை. பணியாளரின் உறுதிப்பாடே குறைந்தது. 2020இல் கொரோனா தொற்றின்போது நகரம் கதவடைத்திருந்த நாள்களிலும் இவர்கள் வீதிக்கு வந்தனர். அன்றாடம் ஈட்டுவோருக்கு விடுப்பு என்பது வருமான இழப்பு.

காப்பீட்டிலும் ஓர் இடைவெளி உண்டு. 2023-24இல் கழிவுநீர்த் தொட்டித் தூய்மைப் பணியாளருக்காகத் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் 2024ஆம் ஆண்டு கழிவு சேகரிப்போரும் சேர்க்கப்பட்டனர். அவர்களைக் கணக்கெடுத்தல், பாதுகாப்புச் சாதனங்கள் வழங்குதல், ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் சேர்த்தல் ஆகியவை இதில் அடங்கும். இது வரவேற்கத்தக்கது. ஆனால் இக்காப்பீடு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கானது. கைக்கீறலும் முதுகுவலியும் அதனால் இழந்த நாட்கூலியும் அதற்குள் அடங்குவதில்லை. இப்பெண்களை வாட்டுவனவோ பெரும்பாலும் இவையே.

இவை அனைத்துக்கும் மேலாகச் சாதியின் கேள்வி நிற்கிறது. பணி பாதுகாப்பானதாயினும், குறிப்பிட்ட சாதியினரே தலைமுறைதோறும் அதனைச் செய்யும் நிலை நீடித்தால் ஏற்றத்தாழ்வு அகன்றதாகக் கொள்வதற்கில்லை. தாயின் வருமானம் உயர்வதும் பிள்ளை பள்ளிக்குச் சென்று வேறு தொழில் தேர்வதும் ஒருங்கே நிகழ வேண்டும்.

அலுவலர் செய்யத்தக்கவை

புணேயின் அனுபவத்திலிருந்து மூன்று நெறிகளைப் பெறலாம். முதலாவது, ஒரு சுகாதாரத் திட்டத்தை வகுக்கும்போது, அதன் பயன் முடிந்து எஞ்சும் பொருள் யார் கைக்குச் செல்கிறது என்பதை இறுதிவரை தொடர்ந்து பார்த்தல். இரண்டாவது, ஊதியமின்றி நடைபெறும் உழைப்பை முதலில் கணக்கிட்டு, பின்னரே செலவுத் திட்டத்தைத் தீட்டுதல். மூன்றாவது, குழுவில் கேட்டுக்கு உள்ளானோரைச் சாட்சியாக அழைப்பதோடு நில்லாமல் உறுப்பினராக அமர்த்துதல். அவர்கள் நாட்கூலியை இழக்காதவாறு கூட்டத்தின் நேரத்தையும் படியையும் வகுப்பதும் இதில் அடங்கும். விடியற்காலையில் வேலைக்குச் செல்பவரைக் காலைப் பத்து மணிக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, அவர் வரவில்லை எனக் குறிப்பெழுதுவது பொருந்தாது.

1897இல் புணேயில் அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், படையும் இருந்தது. மக்களிடம் கேட்டறியும் வழக்கம் மட்டும் இருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுத்தறிவிக்கச் சென்ற ஆசிரியைகள் முதலில் கேட்டனர், பின்னரே கற்பித்தனர். இன்று மாணவர்களாக உள்ளோர் நாளை வல்லுநர்களாகவும் அலுவலர்களாகவும் பொறுப்பேற்கும்போது, இந்த வரிசை மாறாதிருக்குமாயின் பல துறைகளின் கூட்டு உண்மையிலேயே மக்களுக்குப் பயன் தரும்.