புகையைப் படிப்பவர்கள்

கரையான்சாவடிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். கரும்புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பா, நாசில் கோளாறா என்று பார்ப்பார் மெக்கானிக். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். வெண்புகை நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். எஞ்சினைப் பிரிக்கும் முன்பே பாதி விடை கையில்.

இது மூளைவேலை இல்லையா? அறுபது வயதானாலும் அவர் ‘ஏம்பா’. கிரீஸ் படாத சட்டைக்காரர் ‘சார்’. சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் சொன்னது 1936இல்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தது. இப்போது பல கோளாறுகளை ஸ்கேனர் இல்லாமல் பிடிக்க முடியாது. பட்டறையில் பழகியவரிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்காமல் அந்தப் பயிற்சியைக் கொடுங்கள் என்கிறோம்.