கிறிஸ்துமஸ் ராத்திரி ஏழு மணிக்குக் கிளம்பிய கப்பல்

டிசம்பர் வந்தாச்சு. லீவு அப்ரூவ் ஆச்சான்னு எல்லாரும் பார்த்துட்டு இருப்பீங்க. நம்ம ஐடி கூட்டத்துல பண்டிகை அன்னைக்கு ஆன்-கால்ல மாட்டுற ஆள் ஒருத்தராவது இருப்பாங்க. ஒரு கையில முறுக்கு, இன்னொரு கையில லேப்டாப். அதிகபட்சம் நமக்கு ஒரு ராத்திரி தூக்கம் போகும், அவ்வளவுதான்.

இன்னைக்குப் பேசப்போறது 1943-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் பத்தி. இடம், நார்வேக்கும் வடக்கே, ஆர்க்டிக் கடல். அங்கே அந்த நாளைக் கழிச்ச கடற்படை ஆட்களோட கதை இது.

முதல்ல, அவங்க ஏன் அங்கே இருந்தாங்க? ஜெர்மனியோட சண்டை போட்டுட்டு இருந்த சோவியத் யூனியனுக்கு டாங்கி, விமானம், லாரி, உணவுன்னு பெரும்பாலும் கப்பலில்தான் போனது. சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும், சுற்றிப் போர்க்கப்பல்கள் காவலுக்கு வரும். இதுக்குப் பேர் கான்வாய். ஜெயடபிள்யூ 55பி என்ற கான்வாய், 19 சரக்குக் கப்பல்களோடு டிசம்பர் 20-ஆம் தேதி ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பியது. கிறிஸ்துமஸ் அன்று அது எங்கே இருக்கும் என்பது கணக்குப் போட்டாலே தெரியும். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நார்வேக்கு வடக்கே.

அந்தக் கடலைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்காது. மதியம் மட்டும் கொஞ்ச நேரம் மங்கலான வெளிச்சம் வரும், பிறகு மறுபடி இருட்டு. தெறிக்கிற அலை கப்பல் மேலேயே உறைந்து பனிக்கட்டி ஆகிவிடும். அப்படியே விட்டால் மேல்பக்கம் எடை ஏறிக் கப்பலே கவிழலாம். அதனால் கோடரியும் சுத்தியலும் வைத்து ஆட்கள் உடைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கணும். பண்டிகை அன்னைக்கும் அதே வேலைதான்.

பிரிட்டிஷ் கடற்படையில் துறைமுகத்தில் நிற்கும்போது கிறிஸ்துமஸுக்குன்னு ஒரு பழக்கம் உண்டு. கப்பலிலேயே வயசு குறைந்த பையன் அன்னைக்குக் கேப்டனோட சீருடையைப் போட்டுக்கொண்டு வலம் வருவான். அதிகாரிகள் சிப்பாய்கள் சாப்பிடுற இடத்துக்கே வந்து வாழ்த்து சொல்வார்கள். புட்டிங், கலர் காகிதத் தோரணம் எல்லாம் இருக்கும், 1970 வரை வழக்கமான ரம் பங்கும் இருந்தது. வருஷம் முழுக்க "எஸ் சார்" போடுறவனுக்கு ஒருநாள் விடுதலை.

ஆனால் சண்டைக்குத் தயார் நிலையில், புயலில் இருக்கிற கப்பலில் இதெல்லாம் நடக்காது. கடல் ரொம்ப ஆடினால் அடுப்பே பற்ற வைக்க முடியாது. பீரங்கிப் பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சாப்பாடு அவன் நிற்கிற இடத்துக்கே வரும். டின் மாட்டிறைச்சி வைத்த சாண்ட்விச், கெட்டியான சூடான சாக்லேட் பானம். பல பேருக்கு 1943 கிறிஸ்துமஸ் விருந்து கிட்டத்தட்ட இதுதான்.

அந்தக் கப்பல்களில் ஒன்று எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட். அதில் ஒரு விநோதமான விருந்தாளி இருந்தது. ஓல்கா என்ற ரெயின்டீர். சான்டாவோட வண்டியை இழுக்குமே, அதே மான்! சோவியத் கடற்படை பரிசாகக் கொடுத்தது. விமானம் நிறுத்துற கொட்டகையில் அதைக் கட்டி வைத்திருந்தார்கள். ஓல்காவை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொரு கப்பல் ஸ்டோர்ட். நாசகாரிக் கப்பல், அதில் இருந்தவர்கள் நார்வேக்காரர்கள். 1940-இல் ஜெர்மனி அவங்க நாட்டைப் பிடித்த பிறகு பிரிட்டனோடு சேர்ந்து சண்டை போட்டவர்கள். நாடு போய் இது அவர்களுக்கு நாலாவது கிறிஸ்துமஸ். மற்றவங்க வீட்டை விட்டு ரொம்ப தூரத்தில் இருந்தார்கள். இவர்கள் இருந்தது சொந்த நாட்டுக் கரைக்குப் பக்கத்திலேயே. ஆனால் இறங்க முடியாது.

இப்ப எதிர்ப்பக்கம் போவோம். வட நார்வேயில், மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த ஒரு நீண்ட குடாவில் ஷார்ன்ஹோர்ஸ்ட் நின்றுகொண்டிருந்தது. ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பல். சுமார் 235 மீட்டர் நீளம். உள்ளே 1,968 பேர். ஜெர்மன்காரர்களுக்கு 25-ஐ விட 24 சாயங்காலம்தான் முக்கியம். மரத்தில் விளக்கு ஏற்றுவது, பரிசு கொடுப்பது எல்லாம் அன்னைக்குத்தான். அந்தக் கப்பலுக்குள்ளும் கிறிஸ்துமஸ் மரங்கள் இருந்தன.

மறுநாள் 25-ஆம் தேதி உத்தரவு வந்தது. கான்வாயைத் தாக்கணும். ராத்திரி சுமார் ஏழு மணிக்கு ஷார்ன்ஹோர்ஸ்ட் ஐந்து நாசகாரிக் கப்பல்களோடு வெளியே போனது. மரங்கள் உள்ளேயே இருக்க, கப்பல் புயலுக்குள் நுழைந்தது.

இங்கேதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்றான். ஜெர்மன் ரகசியச் செய்திகளை பிரிட்டன் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி அதிகாலை 3.39-க்கே லண்டனிலிருந்து கடலில் இருந்த அட்மிரல் ஃப்ரேசருக்குத் தகவல் போனது: ஷார்ன்ஹோர்ஸ்ட் வெளியே வந்துவிட்டதாக நினைக்கிறோம். ஷார்ன்ஹோர்ஸ்டில் இருந்தவர்களுக்கோ, ஃப்ரேசரின் ட்யூக் ஆஃப் யார்க் என்ற பெரிய போர்க்கப்பல் தங்களை நோக்கி வருவதே தெரியாது.

காலையில் பெல்ஃபாஸ்ட் உட்பட மூன்று க்ரூசர்கள் குறுக்கே வந்தன. நார்ஃபோக் சுட்ட குண்டு ஷார்ன்ஹோர்ஸ்டின் முன்பக்க ரேடாரை உடைத்தது. கூட வந்த ஐந்து நாசகாரிகளும் ஏற்கெனவே தொடர்பு விட்டுப் போயிருந்தன. இப்ப அந்தக் கப்பல் தனி, அதுவும் பாதிக் குருடு.

சாயங்காலம் 4.17. சுமார் 41 கிலோமீட்டர் தூரத்தில் ட்யூக் ஆஃப் யார்க்கின் ரேடார் திரையில் ஒரு புள்ளி தெரிந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் சத்தமே இல்லாமல் நெருங்கினார்கள். வானத்தில் வெளிச்சக் குண்டு வெடித்து இருட்டு விலகியபோது, ஷார்ன்ஹோர்ஸ்டின் பீரங்கிகள் எதிரியைப் பார்க்காமல் நேராக நீட்டியபடி இருந்தன. எதிர்பார்க்கவே இல்லை.

இரவு சுமார் 7.45-க்கு அது மூழ்கியது. டார்பீடோ விட்ட கப்பல்களில் ஸ்டோர்டும் ஒன்று. குடாவை விட்டுக் கிளம்பி முழுசாக ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

1,968 பேரில் காப்பாற்றப்பட்டவர்கள் 36. ஸ்கார்பியன் என்ற பிரிட்டிஷ் கப்பல் 30 பேரைத் தூக்கியது, மேட்ச்லெஸ் 6 பேரை. உறைகிற தண்ணீர், கும்மிருட்டு. விழுந்தவர்கள் சில நிமிஷம்தான் தாங்க முடியும். பிரிட்டிஷ் தரப்பில் நார்ஃபோக்கில் 7 பேரும் சாமரெஸில் 11 பேரும் இறந்தார்கள். பீரங்கிச் சத்தத்தில் ஓல்காவுக்கு வெறி பிடித்துவிட்டது. கடைசியில் அதைச் சுட வேண்டியதாயிற்று. கான்வாயின் 19 சரக்குக் கப்பல்களும் ஒரு சேதமும் இல்லாமல் சோவியத் துறைமுகம் போய்ச் சேர்ந்தன.

யார் ஜெயிக்கணும்னு எனக்கு ஒரு குழப்பமும் கிடையாது. அந்தக் கான்வாய் போய்ச் சேர்ந்தே ஆகணும். ஷார்ன்ஹோர்ஸ்ட் சுமந்தது ஹிட்லரோட கொடி. இருந்தாலும் அந்த 36 என்ற எண் மனசை விட்டுப் போகமாட்டேங்குது. 24-ஆம் தேதி மரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஐம்பது பேருக்கு ஒருத்தர்கூட மிஞ்சவில்லை. பெரும்பாலும் உங்க வயசு, என் வயசுப் பசங்க.

அன்றிரவு ஃப்ரேசர் தன் அதிகாரிகளைக் கூப்பிட்டுப் பேசினார். ஜெயிச்சுட்டோம் என்று சொல்லிவிட்டு, உங்களில் யாராவது பல மடங்கு பலமான எதிரியைச் சந்திக்க நேர்ந்தால், இன்றைக்கு ஷார்ன்ஹோர்ஸ்ட் நடத்தப்பட்ட அதே வீரத்தோடு உங்கள் கப்பலை நடத்துவீர்கள் என நம்புகிறேன் என்றார். குண்டு போட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் எதிரியைப் பற்றிச் சொன்ன வார்த்தை இது. எனக்கு இதில் புரிவது ஒன்றுதான். அதே குளிர், அதே அலை, அதே வீட்டு நினைப்பு இந்தப் பக்கமும் இருந்தது. அந்தத் தண்ணீரில் விழுவது எப்படி இருக்கும் என்று கடல்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெல்ஃபாஸ்ட் இன்னைக்கும் இருக்கு. லண்டனில் தேம்ஸ் நதியில், 1971-லிருந்து மியூசியமாக. போனால் மேலே இருக்கிற பீரங்கிகளோட செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. கீழே இறங்கி, ஆட்கள் தூங்கின, சாப்பிட்ட இடத்தைப் பாருங்க. எவ்வளவு குறுகலான இடத்தில் ஒரு பண்டிகையைக் கொண்டாட ஆசைப்பட்டிருப்பாங்கன்னு தெரியும். ஷார்ன்ஹோர்ஸ்டை மட்டும் பார்க்க முடியாது. 2000-ஆம் வருஷம்தான் அதைக் கண்டுபிடித்தார்கள், கிட்டத்தட்ட 290 மீட்டர் ஆழத்தில்.

இந்த டிசம்பர் 25-ஆம் தேதியும் ஏதோ ஒரு கடலில், ஏதோ ஒரு கப்பலில், யாரோ ஒருத்தர் வாட்ச்ல நின்னுட்டு இருப்பாங்க. உங்க வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருத்தர் இருந்தா, அன்னைக்கு ஒரு மெசேஜ் போடுங்க. சிக்னல் கிடைக்கும்போது படிப்பாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.