கணக்கேடும் சட்டநூலும்

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியவர்கள் வீடுவீடாகப் பிடியரிசி தண்டி முதல் நிதியைச் சேர்த்தார்கள். அன்று நமக்கிருந்த ஆசை ஒன்றே. நம் பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்ட வேண்டும் என்பதே அது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலில் நிற்கிறார்கள். ஆகவே, "படியுங்கள்" என்று சொல்வதோடு இனி நம் கடமை முடிந்துவிடாது. எதைப் படிப்பது, எதற்காகப் படிப்பது என்பதையும் நாம் கூடிப் பேச வேண்டும். அவ்வகையில், கணக்கியலையும் சட்டத்தையும் ஒரே பாடத்திட்டத்தில் கற்பிக்கும் ஐந்தாண்டுப் பட்டப்படிப்பைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறோம்.

ஒரு முதியவரின் வழக்கு

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் முதியவர் ஒருவர் கையில் நீதிமன்ற அழைப்பாணையோடு நம் சங்கத்திற்கு வந்தார். மகளின் பிரசவச் செலவுக்காக அவர் வாங்கிய கடன் 5,000 ரூபாய். வட்டி, நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். கடன் கொடுத்தவர் எழுதாத புரோநோட்டில் அவருடைய பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார். முதியவர் மாதந்தோறும் 500 ரூபாயாக மூன்றாண்டுகள் செலுத்தினார். மொத்தம் 18,000 ரூபாய். முதல் அப்படியே நின்றது. அவருக்கு உடல்நலம் குன்றித் தவணை தவறியதும் வழக்கு வந்தது. புரோநோட்டில் எழுதப்பட்டிருந்த தொகை 50,000 ரூபாய்!

பணம் கட்டிய ஒவ்வொரு மாதமும் அவர் நாட்காட்டியின் பின்புறத்தில் கரிக்கோடு இழுத்து வைத்திருந்தார். ரசீது ஒன்றுகூட இல்லை. நம் சங்கத்தின் ஆசிரியர்கள் வட்டியைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆனால் அவர்களுக்கு நீதிமன்ற நடைமுறை தெரியாது. வாதாட முன்வந்த வழக்கறிஞருக்கு நடைமுறை தெரியும். ஆனால் கணக்கின்மேல் அவர் கண் செல்லவில்லை. கடன் கொடுத்தவரின் கணக்கேட்டை நீதிமன்றத்திற்கு வரவழைக்க வேண்டும் என்று ஒருவரும் மனுச் செய்யவில்லை. 50,000 ரூபாய் உண்மையிலேயே கைமாறியிருந்தால் அது எந்த ஏட்டில் பற்றாக எழுதப்பட்டது, எந்த வருமானத்திலிருந்து வந்தது, வரி அறிக்கையில் காட்டப்பட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. தீர்ப்பு முதியவருக்குப் பாதகமாக முடிந்தது. அவருடைய வீட்டுமனை போயிற்று.

சட்டம் அவரை அறவே கைவிட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், கையொப்பமிட்ட புரோநோட்டுக்குக் கைம்மாறு தரப்பட்டதாகவே முதலில் அனுமானிக்கிறது. அதை மறுத்து மெய்ப்பிக்கும் சுமை கையொப்பமிட்டவர்மேல் விழுகிறது. ஆனால் அந்த அனுமானம் உடைக்கத்தக்கதே. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதனாலேயே கடன் செல்லாது என்றாகிவிடாது. எனினும் குறுக்கு விசாரணையில் கேட்கத்தக்க கேள்வி அது. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டமும் இருந்தது. ஆயுதங்கள் இருந்தன, அவற்றை ஒருசேர எடுத்துக் கையாளத் தெரிந்த ஒரு கைதான் இல்லை. அந்தக் கையை உருவாக்குவது எப்படி என்பதே இன்றைய நம் பேச்சு.

எழுத்தினால் போனவை

நம் மக்களின் இழப்புகள் பலவும் இவ்வாறு எழுத்தினால் நேர்ந்தவையே. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் அளித்த அறிக்கையின் விளைவாக 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது. அதன் பின்னும் அம்மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அதுவே பஞ்சமி நிலம். அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். தடியால் பறிக்கப்பட்டவை சில; அடங்கலில் பெயர் மாற்றியும், கடனுக்கு ஈடாக எழுதி வாங்கியும், பத்திரம் பதிந்தும் பறிக்கப்பட்டவை பல. கிராமக் கணக்கு பரம்பரைக் கர்ணத்தின் கையில் இருந்த காலம் அது. அப்பதவி தமிழ்நாட்டில் ஒழிந்தது 1980இல்தான். 1994இல் செங்கற்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து, ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் ஈந்தனர். ஏட்டில் தொடங்கிய இழப்பு குருதியில் வந்து முடிந்தது.

ஆகவே நாம் சொல்லுகிறோம்: கணக்கு எழுதத் தெரிந்தவனும் சட்டம் பேசத் தெரிந்தவனும் கைகோத்து நம்மை ஏழையாக்கினார்கள். அவ்விரண்டு கல்வியும் நம் பிள்ளை ஒருவனிடத்தில், ஒருத்தியிடத்தில் சேரட்டும்.

முன்னோர் காட்டிய வழி

இது புதிய வழியன்று. 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் ஆங்கிலேயரின் வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றினார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். கணக்கேட்டையும் நீதிமன்றத்தையும் உள்ளிருந்து கண்ட அந்தப் பெருமகன்தான் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நமக்காக வாதாடினார்.

அண்ணலைப் பற்றி நாம் அறியாததில்லை. எனினும் அவர் வாழ்வில் ஒரு பகுதியை நம் இளைஞர் அதிகம் அறிந்திலர். ரூபாயின் சிக்கலைப் பற்றி ஆய்ந்து இலண்டனில் பட்டம் பெற்று, பாரிஸ்டராகவும் ஆகித் திரும்பிய அவர், 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் பகுதிநேர ஆசிரியராக இருந்தார். அங்கு அவர் கற்பித்த பாடம் வணிகச் சட்டம்! கணக்கு எழுதப் பழகுவோருக்குச் சட்டம் கற்பித்த அந்த ஆண்டுகளிலேதான் அவர் மகாத் குளத்தில் இறங்கினார். பின்னர் 1945இல் அவர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் சார்பில் 1946இல் கலை அறிவியல் கல்லூரியும், 1953இல் வணிகவியல் கல்லூரியும், 1956இல் சட்டக் கல்லூரியும் எழுந்தன. வணிகவியலும் சட்டமும் நம் மக்களுக்கு அடுத்தடுத்துத் தேவை என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

படிப்பின் அமைப்பு

இனிப் படிப்பிற்கு வருவோம். 1997இல் தோன்றிய தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளியில் பி.காம்., எல்எல்.பி. ஹானர்ஸ் என்னும் படிப்பு உள்ளது. மேல்நிலைக் கல்வி முடித்தபின் ஐந்தாண்டுகள், பத்துப் பருவங்கள். தனித்தனியே மூன்றாண்டு பி.காம். படித்து, மேலும் மூன்றாண்டு சட்டம் பயின்றால் ஆறாண்டாகும். இங்கு ஓராண்டு மிச்சம்.

ஆண்டு மிச்சமாவது சிறு பயனே. இரண்டையும் சேர்த்துப் படிப்பதால் வரும் தெளிவுதான் பெரும்பயன். வணிகவியலில் பற்று, வரவு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு, தணிக்கை ஆகியவற்றைக் கற்கிறோம். சட்டத்தில் ஒப்பந்தம், சொத்து மாற்று, சாட்சியம், நிறுமம், வரி ஆகியவற்றைக் கற்கிறோம். ஒன்று மற்றொன்றை விளக்குகிறது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். முறையாக எழுதப்பட்டுவரும் கணக்கேட்டின் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கலாம்; ஆனால் அப்பதிவு ஒன்றை மட்டும் கொண்டு ஒருவர்மேல் கடன்பொறுப்பைச் சுமத்த முடியாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 34ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. சட்டம் மட்டும் படித்தவருக்கு இது ஒரு விதி. கணக்கும் படித்தவரோ உடனே கேட்பார்: "இந்த ஏடு முறையாக எழுதப்பட்டதா? நாளேட்டில் உள்ளது பேரேட்டில் உண்டா? அன்றைய ரொக்க இருப்பு இந்தத் தொகையைத் தாங்குமா?" நம் முதியவருக்கு வேண்டியிருந்தவை இக்கேள்விகளே.

மற்றொன்று: 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தின்படி, தொழிலாளி ஒருவர் ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று கூறினால், அது அப்படியன்று என மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவரையே சாரும். செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் பெற்று முடங்கிக் கிடப்போருக்கு இதைவிடப் பெரிய துணை எது? ஆனால் முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, குறைந்தபட்சக் கூலிப்படி சேரவேண்டியது எவ்வளவு என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுப்பவர் வேண்டும்.

இன்னும் ஒன்று. அரசின் வரவு செலவுத் திட்டத்தில் ஆதிதிராவிடர் சிறப்புக்கூறுத் திட்டத்திற்கு 789 என்னும் தனிக் கணக்குத் தலைப்பு உண்டு. நம் பெயரில் ஒதுக்கிய பணம் செலவாயிற்றா, திருப்பி ஒப்படைக்கப்பட்டதா, நமக்குத் தொடர்பற்ற வேலைக்குப் போயிற்றா என்பதை அந்த எண்ணைத் தேடிப் படிப்பவரே அறிவார். படித்து அறிந்ததைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வினவவும், வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் முறையிடவும் தெரிந்தால், அவரொருவர் ஓர் ஊருக்குச் சமம்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இளைஞர்களே! இனிப்பை மட்டும் சொல்லி உங்களை அனுப்ப நமக்கு விருப்பமில்லை. முதலாவது: இப்படிப்பில் இடைவழி இல்லை. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, மூன்றாண்டு முடிந்ததும் பி.காம். பட்டத்தை மட்டும் பெற்றுக்கொண்டு வெளியேற முடியாது. ஐந்தாண்டும் முடித்தால்தான் பட்டம். குடும்பச் சுமையால் நடுவில் நின்றுவிட நேர்ந்தால் இழப்பு பெரிது. ஆகவே ஐந்தாண்டுச் செலவையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து இறங்குங்கள். மத்திய அரசின் மேற்கல்வி உதவித்தொகை 1944 முதல் நம் மாணவர்க்கு உண்டு. வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் உரிய நாளில் பெற்று விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது: இப்பட்டம் பெற்றவர் பட்டயக் கணக்கர் ஆகிவிடுவதில்லை. வரி அதிகாரிகள்முன் வழக்கறிஞராக நிற்கலாம். சட்டம் வேண்டும் வரித் தணிக்கைச் சான்றில் ஒப்பமிட முடியாது. அதற்குத் தனித் தேர்வுகள் உண்டு.

மூன்றாவது: ஆங்கிலம். தமிழ்வழி பயின்று வரும் பிள்ளைக்கு முதலாண்டு கடுமையானது. அது அறிவின் குறையன்று, பழக்கத்தின் குறை. ஓராண்டில் தீரும்.

நான்காவது: பட்டம் பெற்றபின் வரும் வறண்ட ஆண்டுகள். மூத்த வழக்கறிஞர் எவரும் உறவில் இல்லாத நம் பிள்ளைகள் அங்கேதான் மனம் உடைகிறார்கள். பதிவுக் கட்டணம் என்று முன்பு பல ஆயிரங்கள் கேட்கப்பட்டன. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அது 125 ரூபாய். அதே ஆண்டில் இளைய வழக்கறிஞர்க்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை தரப்பட வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. சொன்னது நடக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

பெரியோர்களே! நம் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. ஆண்டுதோறும் கணக்கைப் பொதுக்குழுவின்முன் வைக்கிறோம். நாம் வேண்டுவன மூன்று. வெள்ளி விழா நிதியின் ஒரு பகுதியை, இப்படிப்பில் சேர்வோர் இடையில் நின்றுவிடாதபடி தாங்கும் தனி வைப்பாக்க வேண்டும். பட்டம் பெற்றவரின் முதல் இரண்டாண்டுகளுக்கும் அவ்வுதவி தொடர வேண்டும். அடுத்த பொதுக்குழு முதல் சங்கக் கணக்கை நம் மாணவர் ஒருவர் உரக்கப் படித்து விளக்க வேண்டும். உறுப்பினர் கேள்வி கேட்க வேண்டும். தன் வீட்டுக் கணக்கைக் கேள்வி கேட்கப் பழகாதவர் ஊர்க் கணக்கை எவ்வாறு கேட்பார்?

பெண்களைப் பெற்றோரே! "ஐந்தாண்டா?" என்று தயங்காதீர்கள். கடன் கேட்டு வருபவன் வாசலில் முதலில் எதிர்கொள்வது நம் பெண்களைத்தான். அவர்கள் கையில் இக்கல்வி இருக்கட்டும்.

அந்த முதியவர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய நாட்காட்டி நம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் முப்பத்தாறு கரிக்கோடுகள். எழுத்தறியாத ஒருவர் தமக்குத் தெரிந்த முறையில் எழுதிவைத்த கணக்கு அது. அதை நீதிமன்றத்தில் படித்துக் காட்ட ஆளில்லாமற் போயிற்று. அடுத்த முறை அவ்வாறு ஆகாதிருக்க வேண்டும். அதற்கு இவ்வரங்கில் அமர்ந்திருப்பவர்களுள் சிலரேனும் இன்று உறுதி கொள்ளுங்கள்.

ஜெய் பீம்!